திண்டுக்கல் பெயரை ஒரு பாம்புக்குச் சூட்டியவர்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். மலைக்கோட்டை நினைவுக்கு வரும். சிறுமலை வாழைப்பழத்தை நினைத்தால் நாக்கில் நீர் ஊறும். ஆனால் திண்டுக்கல்லின் பெயரைத் தாங்கிய பாம்பு ஒன்று உண்டு என்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது!

யூரோபெல்டிஸ் திண்டிகலென்சிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். சிறுமலையில் கிடைத்த அந்தப் பாம்பை 1877-ல் உலகத்துக்கு அறிவித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. ரிச்சர்டு ஹென்றி பெடோம் என்பது அவர் பெயர். அவர் வைத்த பெயரின் முன்பாதியைப் பின்னால் வந்த விஞ்ஞானிகள் மாற்றினார்கள். பின்பாதியில் உள்ள திண்டுக்கல்லை யாரும் தொடவில்லை.

வக்கீல் மகன்

பெடோம் 1830-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் வக்கீல் தொழில் செய்தவர். மூத்த மகனும் அதே தொழிலுக்கு வரவேண்டும் என்று சட்டம் படிக்க வைத்தார். பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

சென்னைக் காலாட்படையில் அவருக்கு வேலை கிடைத்தது. படைக்கு வேண்டிய சாமான்களைக் கவனிப்பதும், மொழிபெயர்ப்பதும் அவர் பொறுப்பு. ஓய்வு கிடைத்தால் போதும், செடியையும் பூச்சியையும் தேடிப் புறப்பட்டுவிடுவார்.

அந்த ஆசைதான் அவருடைய தலையெழுத்தை மாற்றியது. சென்னை மாகாணத்தில் 1856-ல் காட்டு இலாகா ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் டாக்டர் கிளெக்ஹார்ன். தமக்கு உதவியாக, செடி கொடிகளைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று அவர் தேடினார். 1857-ல் பெடோமைத் தேர்ந்தெடுத்தார். பிறகு இலாகாவின் தலைமையும் பெடோமிடமே வந்தது. 1882 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ரெயிலும் மரமும்

காட்டு இலாகா எதற்காக வந்தது? பாம்பையும் பறவையையும் காப்பாற்ற அல்ல. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தென்னாட்டில் முதல் ரெயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். இப்படியே வெட்டிக்கொண்டு போனால் நாளைக்கு வெட்ட ஒன்றும் இருக்காது என்று சர்க்கார் பயந்தது. ஆகவே வெட்டுவதற்கும் கணக்கு வைத்தார்கள். காப்பதற்கும் கணக்கு வைத்தார்கள்.

அந்தக் கணக்கில் அடிபட்டவர்கள் மலைவாசிகள். காட்டில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி எரித்து, விதைத்து, சில ஆண்டு கழித்து வேறிடம் போவது அவர்களில் பலருடைய விவசாய முறை. 1860-ல் சர்க்கார் அதைத் தடுத்தது. 1882-ல் வந்த சென்னைக் காட்டுச் சட்டம் இன்னும் இறுக்கிப் பிடித்தது. ரெயிலுக்கு வெட்டியது எவ்வளவு, ஏழை வெட்டியது எவ்வளவு? பெடோமின் பெருமையைப் பேசும்போது இந்தக் கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த உத்தியோகம் மலை மலையாக ஏறும் வாய்ப்பையும் அவருக்குக் கொடுத்தது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, சிறுமலை என்று அவர் கால் படாத தொடர் குறைவு. மரங்களைப் பார்க்கப் போனவர் பெரணியைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், மண்ணைக் கிளறி அதற்குள் இருந்ததையும் பார்த்தார்.

கோவிந்துவின் தூரிகை

1863-ல் தென்னிந்தியப் பெரணிகள் பற்றி அவருடைய புத்தகம் வெளிவந்தது. பெரணி என்பது பூக்காத செடி. ஈரப் பாறை இடுக்கிலும் கிணற்றுச் சுவரிலும் முளைக்கும். அதில் இத்தனை வகை உண்டா என்று படித்தவர்கள் வியந்தார்கள். 1869 முதல் தென்னிந்தியக் காட்டு மரங்கள் பற்றிய பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்.

இந்தப் புத்தகங்களின் உயிர் படங்களில் இருக்கிறது. பெடோமுக்காகப் படம் வரைந்தவர்களில் கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியரும் ஒருவர். முன்பு ராபர்ட் வைட் என்ற தாவர அறிஞரிடமும் அவர் வேலை செய்தவர். இலை நரம்பு ஒன்றையும் விடாமல் தீட்டும் கை! வைட் ஒரு செடி இனத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். அந்தக் காலத்தில் ஓர் ஓவியருக்கு இது அபூர்வமான மரியாதை. அவருடைய வாழ்க்கையையும் விரிவாக எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மண்ணுக்குள் வாழும் பாம்பு

இனி நம் திண்டுக்கல் பாம்புக்கு வருவோம்.

பாம்பு என்றால் படம் எடுக்கும், சீறும் என்று நினைக்கிறோம். இது அந்த ஜாதி அல்ல. விஷம் கிடையாது. ஈர மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். உணவு மண்புழு. தலை கூராக இருக்கும், அதுவே கடப்பாரை. கண் மிகச் சிறியது. வெயில் பட்டால் உடம்பு பல நிறத்தில் பளபளக்கும். முட்டை இடாமல் குட்டி போடும்.

விந்தை வாலில் இருக்கிறது. கத்தியால் சாய்வாகச் சீவியது போல அது முடியும். அங்கே செதில்கள் சொரசொரப்பாக இருக்கும். மண் ஒட்டிக்கொண்டு மூடி போல ஆகிவிடும். வளைக்குள் ஓடும்போது அந்த மூடி பின்வழியை அடைத்துவிடும். எதிரி வந்தால் கதவு சாத்தியிருக்கும்! திண்டுக்கல் பாம்புக்குப் பூட்டுப் போடத் தெரிந்ததில் அதிசயம் என்ன?

இந்தக் குடும்பத்துப் பாம்புகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. அதிலும் பல வகைகள் ஆளுக்கு ஒரு மலையைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. காரணம் எளிது. மலைமேல் குளிர்ச்சி, ஈர மண், உதிர்ந்த இலை. கீழே திண்டுக்கல் சமவெளியோ காய்ந்த செம்மண் காடு. புழுக்குக்கூட நீர் தேட வேண்டும். மண்ணுக்குள் ஊரும் பாம்பு அந்த வெயிலைக் கடந்து பழனி மலைக்குப் போக முடியுமா? நமக்குப் பேருந்தில் ஒரு மணி, இரண்டு மணிப் பயணம். அதற்கு அது கடல். ஆகவே சிறுமலை அதற்கு ஒரு தீவு. தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்து தனி வகையாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் சிறுமலைக் காட்டு மண் கெட்டால் அது எங்கே போகும்? போக இடம் இல்லை.

இந்தப் பாம்புகளைப் பெடோம் போலத் தேடியவர் அதுவரை யாரும் இல்லை. பல வகைகளுக்கு முதலில் பெயர் வைத்தவர் அவரே. 1886-ல் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள மண் பாம்புகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

பெயர் பெற்ற ஈந்து

பெடோமின் பெயரையும் பல உயிர்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றில் ஒன்று திருப்பதி, கடப்பை மலைகளில் வளரும் ஒருவகை ஈந்து. பனையைப் போலத் தோன்றும், பனை அல்ல. மருந்துக்காக அதன் ஆண் கூம்புகளை வெட்டி வெட்டி, அது அருகிப் போய்விட்டது. இன்று உலக வியாபாரத்தில் மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட தாவரங்களில் அதுவும் ஒன்று.

1882-ல் காட்டு இலாகாவை விட்ட பிறகும் பெடோம் சும்மா இருக்கவில்லை. 1883-ல் இந்தியா, இலங்கை, மலேயா நாட்டுப் பெரணிகளுக்குக் கைப்புத்தகம் போட்டார். 1892-ல் அதற்கு இணைப்பும் எழுதினார். அதே ஆண்டு கர்னல் பதவியுடன் சேனையிலிருந்து ஓய்வு பெற்றார். 1911 பிப்ரவரி 23-ந் தேதி லண்டனை அடுத்த வாண்ட்ஸ்வொர்த்தில், 80-வது வயதில் காலமானார்.

அவர் பிடித்த பாம்புகள் லண்டன் மியூசியத்தில் சாராயப் புட்டிகளில் கிடக்கின்றன. அவற்றின் வாரிசுகள் சிறுமலையில் வாழை, காப்பித் தோட்டங்களை ஒட்டிய சோலைகளில், மக்கிய இலைக்கு அடியில் இருக்கின்றன. நல்ல மழை பெய்தால் இந்த ஜாதிப் பாம்புகள் மண்ணுக்கு மேலே வரும். சில சமயம் மலைப் பாதையையும் கடக்கும். அப்போது வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுவிடுவதும் உண்டு.