நெவில் டிசோசாவுக்கு ஒரு இடம் வேண்டும்

தம்மாமில் வியாழக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் ஆபீஸ் கோஷ்டிக்கு ஃபுட்பால். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானத்தில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஆடுவோம். உண்மையைச் சொன்னால் ஆடுவது பெரும்பாலும் மலையாளி நண்பர்கள்தான். இங்கே செவன்ஸ் டோர்னமென்ட் என்றால் ஊரே திரண்டு வருகிற அளவுக்கு அவர்கள் வைத்திருக்கிறார்கள். நம்மாட்கள் கிரிக்கெட் பக்கம். நான் ரெண்டுங்கெட்டானாக ஃபுல் பேக்கில் நின்று மூச்சு வாங்குவேன்.

சில வாரங்களுக்கு முன்னால் என் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறான், பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான். இத்திஃபாக் ஜெர்சி போட்டுக்கொண்டு பக்கத்து மைதானத்தில் சவூதிப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்தான். திரும்பி வரும்போது காரில் ஒரு கேள்வி கேட்டான். இந்தியா எப்போதாவது பெரிய போட்டியில் கோல் போட்டிருக்கிறதா என்று கூட விளையாடிய பையன் கேட்டானாம். இவனுக்குப் பதில் தெரியவில்லை.

ஒலிம்பிக் அரையிறுதி வரை போயிருக்கிறோம், அங்கே ஆசியாவிலேயே முதன்முதலாக ஹாட்ரிக் அடித்தவர் நம்ம நாட்டுக்காரர் என்று சொன்னேன். பையன் நம்பவில்லை. அப்பா ஊர்ப் பெருமைக்குக் கதை விடுகிறார் என்று நினைத்துவிட்டான். யூடியூபில் காட்டு என்றான். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அந்த மனிதரின் பெயர் நெவில் டிசோசா. பையனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம்மில் பல பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கே சில வருஷம் முன்புவரை தெரியாது.

1932 அக்டோபர் 3ஆம் தேதி கோவாவில் அஸ்ஸகாவ் என்ற ஊரில் பிறந்தவர் நெவில். அப்போது கோவா போர்ச்சுகல் கையில் இருந்தது. 1961 டிசம்பரில்தான் இந்தியாவோடு சேர்ந்தது. அதாவது நெவில் இந்திய ஜெர்சியைப் போட்டு மெல்போர்னில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் பிறந்த மண் இந்தியாவில் இல்லை. பிழைப்புக்காகப் பம்பாய்க்குப் போன கோவாக்காரர்கள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே ஊர் வாரியாகக் கூடி, சேர்ந்து தங்கி, பண்டிகை கொண்டாடி, பந்து விளையாடினார்கள். கல்ஃப்பில் இருக்கிற நமக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் ஆறு பேர் கட்டில் போட்டுப் படுத்த அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு.

நெவில் வளர்ந்து ஆடியது பம்பாயில்தான். அந்த நாளில் ஃபுட்பால் என்பது சம்பளத் தொழில் கிடையாது. கம்பெனிகள் அணி வைத்திருக்கும். நன்றாக ஆடினால் அந்தக் கம்பெனி சார்பில் ஹார்வுட் லீக்கில் இறங்கலாம். நெவில் டாடா ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு ஆடினார், பிறகு கால்டெக்ஸுக்கும் ஆடினார். இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகள் நடத்துகிற கார்ப்பரேட் லீக் போல என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டின் முதல் தரக் கால்பந்தே அன்றைக்கு இப்படிக் கம்பெனி அணிகளிலும், ராணுவ அணிகளிலும், கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளிலும்தான் இருந்தது.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1954ஆம் வருஷத்து சந்தோஷ் டிராபி சென்னையில் நடந்தது. மாநிலங்களுக்கு இடையிலான அந்தப் போட்டியில் பம்பாய் அணி சர்வீசஸ் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்தப் பம்பாய் அணியில் நெவில் இருந்தார். இதே சந்தோஷ் டிராபியின் அரையிறுதியும் இறுதியும் 2023 மார்ச்சில் ரியாத்தில் நடந்ததும் கர்நாடகா ஜெயித்ததும் இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இனி 1956க்கு வருவோம். அதற்கு முன்னால் 1952ஐக் கொஞ்சம் சொன்னால்தான் 1956இன் அருமை புரியும். ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. நம் ஆட்டக்காரர்கள் பல பேர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அணியைத் திரும்பக் கட்டினார். 'மைதான்' படம் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரியும். அதில் அஜய் தேவ்கன் ஏற்ற வேடம் இவருடையதுதான்.

மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் கால்பந்தில் கடைசியில் 11 அணிகள்தான் களத்தில் நின்றன. ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா முதல் சுற்றை ஆடாமலே தாண்டியது. கால் இறுதியில் எதிரே வந்தது போட்டியை நடத்துகிற ஆஸ்திரேலியா. 1956 டிசம்பர் 1, மெல்போர்ன் ஒலிம்பிக் பார்க் ஸ்டேடியம். கூட்டம் முழுக்க அவர்கள் ஆட்கள். நெவிலுக்கு அப்போது 24 வயது.

9ஆவது நிமிஷத்தில் கேப்டன் சமர் பானர்ஜி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நெவில் அதைத் தலையால் உள்ளே தள்ளினார். 17ஆவது நிமிஷத்தில் புரூஸ் மாரோ ஆஸ்திரேலியாவுக்குச் சமன் செய்தார். 33இல் நெவில் இரண்டாவது. 41இல் மாரோ மறுபடி சமன். இடைவேளைக்கு 2-2. யார் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம் என்ற நிலை. 50ஆவது நிமிஷத்தில் நெவில் மூன்றாவது கோலைப் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் ஆனார்.

80ஆவது நிமிஷத்தில் நாலாவது கோல். அதைப் போட்டவர் ஜே. கிருஷ்ணசாமி, எல்லாரும் கூப்பிட்டது கிட்டு என்று. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர். கிட்டு என்ற பெயரைப் படித்ததும் எனக்கு நம்ம தெருவில் யாரையோ பார்த்த மாதிரி இருந்தது. ஸ்கோர் 4-2. தோற்ற ஆஸ்திரேலியாவுக்கு மனசு ஆறவில்லை. போட்டி முடிந்த பிறகு சிட்னியில் இன்னொரு ஆட்டம் வைத்தார்கள். அதில் இந்தியா 7-1 என்று ஜெயித்தது.

அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. நாலு வருஷம் முன்னால் பத்து கோல் போட்டவர்கள். முதல் பாதியில் இந்தியா ஒரு கோலும் விடவில்லை. 52ஆவது நிமிஷத்தில் நெவில் கோல் போட்டு இந்தியாவை முன்னுக்குக் கொண்டுபோனார். ஓரிரு நிமிஷம், அவ்வளவுதான், இந்தியா ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் வாசலில் நின்றது. பிறகு யூகோஸ்லாவியா வரிசையாகத் திருப்பிக் கொடுத்து 4-1 என்று முடித்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நாலாம் இடம்.

அந்தப் போட்டியில் அதிக கோல் போட்டவர்கள் மூன்று பேர், தலைக்கு நாலு கோல். பல்கேரியாவின் மிலானோவ், யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச், இந்தியாவின் நெவில் டிசோசா. மற்ற இரண்டு பேரும் பதக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பெரிய நாடுகள் பலதும் வராத போட்டி, ஒரு சுற்று ஆடாமலே தாண்டியது, ஆஸ்திரேலியா அன்றைக்கு அமெச்சூர் அணி. இதை வைத்து இவ்வளவு கொண்டாட்டமா? ஒரு மலையாளி நண்பரே என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் போட்டியில்தான் தங்கம் வாங்கிய சோவியத் அணியின் கோல்கீப்பராக லெவ் யாஷின் நின்றார். நெவில் கோல் போட்டது இறுதிவரை போன யூகோஸ்லாவியாவுக்கு எதிராக. எதிரே வந்தவர்களோடுதான் ஆட முடியும். ஒலிம்பிக்ஸில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. 1968இல் ஜப்பான் வெண்கலம் வாங்கும்வரை அந்த நாலாம் இடத்தை ஆசியாவில் யாரும் தாண்டவில்லை.

மெல்போர்னுக்குப் பிறகும் நெவில் பம்பாயில் ஆடினார். 1958இல் கால்டெக்ஸ் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. கொல்கத்தா, ஹைதராபாத் அணிகள் கோலோச்சிய காலத்தில் ஒரு பம்பாய் கம்பெனி அணிக்கு அது பெரிய காரியம். ஆனால் ரஹீமின் அடுத்த தலைமுறை மேலே வந்துவிட்டது. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, நம்ம துளசிதாஸ் பலராமன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியைத்தான் நாடு நினைவில் வைத்துக்கொண்டது. அதில் நெவில் இல்லை.

அர்ஜுனா விருது 1961இல் ஆரம்பித்தது. கால்பந்தில் முதல் விருது பி.கே. பானர்ஜிக்கு, அடுத்த வருஷம் பலராமனுக்கு, 1967இல் 1956 அணியிலும் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கு. எல்லாம் தகுதியானவர்கள்தான். நெவிலுக்கு அது கிடைக்கவே இல்லை. அவருடைய உச்சம் விருது பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. பின்னோக்கிப் பார்த்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 1980 மார்ச் 17ஆம் தேதி நெவில் மும்பையில் இறந்துபோனார். வயது 47.

முழுசாக மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். மும்பை பாந்த்ராவில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 'மைதான்' படத்திலும் அவர் ஒரு பாத்திரமாக வருகிறார். ஆனால் நாடு என்ற அளவில் என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தோடு ஒரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. 1920களில் ஆடிய லில்லி பார் என்ற பெண்மணி இறந்தது 1978இல். அவரை 2002இல் அதில் சேர்த்தார்கள். சாவுக்குப் பிறகு 24 வருஷம் கழித்து, அதுவும் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக் கூடாது என்று சங்கமே தடை போட்ட காலத்து ஆட்டக்காரிக்கு. தாமதமாகச் செய்தாலும் செய்தார்கள். நெவிலிடம் தோற்ற ஆஸ்திரேலியாவும் தன் ஆட்டக்காரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம் வைத்திருக்கிறது.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இல் தன் ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியபோது முதல் பட்டியலில் பத்துப் பேர். சவூதியின் சாமி அல் ஜாபர் இருந்தார், நம்ம பைச்சுங் பூட்டியா இருந்தார். சந்தோஷம்தான். ஒலிம்பிக்ஸில் ஆசியாவின் முதல் ஹாட்ரிக் அடித்தவர் அந்தப் பத்தில் இல்லை.

நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். என் அனுபவத்தில் ஒரு தகவல் சிஸ்டத்தில் ஏறவில்லை என்றால், நிஜத்தில் நடந்திருந்தாலும், தேடுகிறவனுக்கு அது நடக்காத மாதிரிதான். விருது, சிலை, ஹால் ஆஃப் ஃபேம் இதெல்லாம் செத்தவருக்கு எதையும் தரப்போவதில்லை. நெவிலுக்கு இனி எதுவும் தேவையில்லை. என் பையன் தேடும்போது கையில் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன். அப்பா சொன்னது கதையல்ல, இதோ இருக்கிறது என்று காட்ட ஒரு இடம் வேண்டும்.

கேட்பது பெரிய செலவும் இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முறையான ஒரு ஹால் ஆஃப் ஃபேமை நடத்தட்டும். விதிமுறையை வெளியே சொல்லட்டும். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பழைய பெயர்கள். முதல் பட்டியலில் நெவில் டிசோசா இருக்கட்டும். அவரோடு கிட்டு, தங்கராஜ், பலராமன் என்று நம் பக்கத்துப் பெயர்களும் வரட்டும். ஆசியக் கூட்டமைப்புக்கும் அவர் பெயரை அனுப்பட்டும். 2032 அக்டோபரில் நெவிலின் நூற்றாண்டு வருகிறது. அதற்குள் இதைச் செய்து முடிக்க நேரம் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? இந்த ஊரில் தமிழ்ச் சங்கங்கள் வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டே நடத்துகிறோம். கோப்பைக்கு ஸ்பான்சர் கம்பெனி பெயரை வைக்கிறோம். ஒரு வருஷம் பிள்ளைகள் ஃபுட்பால் கோப்பைக்கு நெவில் பெயரையோ கிட்டு பெயரையோ வைத்துப் பார்க்கலாமே. பரிசு கொடுக்கும் முன் இரண்டு நிமிஷம் யார் அவர் என்று மைக்கில் சொன்னால் போதும்.

2034 உலகக் கோப்பை சவூதிக்கு வருகிறது. பக்கத்தில் அல் கோபரில் அதற்கான ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் போகும் வழியில் கிரேன்களைப் பார்க்கிறேன். அந்த ஸ்டேடியத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது என் பையன் காலேஜ் போகிற வயதில் இருப்பான். பக்கத்து சீட்டுக்காரர் யாராவது அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். அன்றைக்கு அவனுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.