திட்டினால் ஊரே அழியும் என்று நம்பப்பட்ட கவிஞர்! யார் இந்த காளமேகம்?

தேவாரம், போடிநாயக்கனூர் பக்கம் ஜூன் மாதத்தில் நின்று மேற்கே பாருங்கள். ஏலத்தோட்டங்கள் இருக்கும் மலை உச்சியில் கன்னங்கரேலென்று மேகம் திரண்டு நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் பல நாள் சாரலோடு சரி. ஆனால் ஒரு நாள் இங்கேயும் கொட்ட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அந்தக் கருமேகத்துக்குப் பழைய தமிழில் காளமேகம் என்று பெயர்.

சுமார் 550 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பெயர் ஒரு கவிஞருக்கு வந்தது. கேட்ட மாத்திரத்தில் வெண்பாவாகக் கொட்டுவார் என்பதால் வந்த பெயர். இன்று வாட்ஸ்அப்பில் 'செருப்பில் ஆரம்பித்து விளக்குமாறில் முடியும் பாட்டு' என்று சுற்றுகிறதே, அது இவர் பெயரில் இருப்பதுதான். நையாண்டி, சிலேடை, வசை மூன்றுக்கும் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் இவர்.

சரி, காளமேகம் என்பவர் யார்? அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் எது கதை, எது உண்மை?

மடைப்பள்ளியில் தொடங்கிய கதை

இயற்பெயர் வரதன். பிறந்த ஊர் எது என்பதில் ஒரே கருத்து இல்லை. கும்பகோணம் பக்கம் உள்ள நந்திபுரம் என்பார்கள், விழுப்புரம் பக்கம் உள்ள எண்ணாயிரம் என்பவர்களும் உண்டு. வைணவக் குடும்பம். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை.

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருவானைக்காவல் சிவன் கோயில். அங்கே நடனமாடும் மோகனாங்கி என்ற பெண் மீது வரதனுக்குக் காதல். மார்கழியில் திருவெம்பாவை பாடும்போது, சிவனடியார் அல்லாதவரைச் சேர மாட்டோம் என்ற பொருள் வரும் இடத்தில் மோகனாங்கியால் பாட முடியவில்லை. காதலன் வைணவன் என்பது தெரிந்த மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வரதன் சைவத்துக்கு மாறிவிட்டார் என்கிறது கதை.

அதன் பிறகு ஒரு ராத்திரி திருவானைக்காவல் கோயிலில் படுத்திருந்தார். அதே கோயிலில் கவி பாடும் வரம் கேட்டு ஒருவர் தவம் இருந்தார். அம்பாள் ஒரு பெண் வடிவில் வந்து, மென்ற தாம்பூலத்தை வாயில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். தவம் இருந்தவர் அருவருத்து மறுத்துவிட்டார். வரதன் வாயைத் திறந்தார். படிப்பு வாசனை இல்லாத சமையல்காரர் அந்த நிமிடத்தில் காளமேகம் ஆனார். இன்னொருவருக்கு வந்த வரம் இவருக்குக் கிடைத்தது.

64 புலவர்கள், ஒரு எலுமிச்சம்பழம்

காளமேகத்தின் வாழ்க்கையில் பெரிய மோதல் நடந்த இடம் திருமலைராயன்பட்டினம். விஜயநகர ஆட்சியின் கீழ் அங்கே இருந்தவர் திருமலைராயன். அவர் சபையில் 64 புலவர்கள். தலைமை அதிமதுர கவிராயர். இவர்கள் நடந்து போவதில்லை, பல்லக்கில்தான் போவார்கள். தலைவர் தெருவில் வந்தால் எல்லோரும் அவரை வாழ்த்தணும்.

அந்தத் தெருவில் காளமேகம் வாழ்த்தாமல் நின்றார். அங்கேயே சண்டை. சபைக்குப் போய் ராஜாவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். உட்கார இடம் தரவில்லை. சரஸ்வதியைப் பாடினார், ராஜாவின் சிங்காசனமே நீண்டு இடம் கொடுத்தது என்கிறது கதை.

நீ யார் என்று கேட்ட சபைக்கு அவர் தன் பெயரையே பதிலாக வைத்துப் பாடியதாகச் சொல்வார்கள். நூறு, ஆயிரம் என்று எத்தனை பாட்டு எவ்வளவு நேரத்தில் வரும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, தான் பேசாமல் இருந்தால் இருக்கும், எழுந்துவிட்டால் பெய்யும் மேகம் என்று முடித்தாராம்.

அடுத்து 'யமகண்டம்' என்ற போட்டி. கீழே தீ மூட்டிக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை. மேலே தொங்கும் உறியில் புலவர். உடம்பில் கத்திகள், அவற்றின் சங்கிலிகள் யானைகளிடம். கேட்கிற தலைப்பில், கேட்கிற நிபந்தனையோடு, உடனே பாடணும். தப்பினால் உயிர் போகும். காளமேகம் எல்லாவற்றுக்கும் பாடி ஜெயித்தார்.

ஆனால் ஜெயித்தவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. கோபத்தில் அந்த ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று வசை பாடினார், ஊர் அழிந்தது என்று கதை முடிகிறது.

எது உண்மை?

திருமலைராயன் கற்பனை ஆள் இல்லை. அவர் பெயர் வரும் 15-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காளமேகத்தின் காலத்தை ஆய்வாளர்கள் கணிப்பதும் அதை வைத்துத்தான்.

ஊரும் அழிந்துவிடவில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில் டி.ஆர்.பட்டினம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கடலோர ஊர் என்பதால், காற்றில் மணல் வந்து மூடியதைப் பார்த்துப் பிற்காலத்தில் இந்தக் கதை கட்டப்பட்டிருக்கலாம்.

தாம்பூலம், யமகண்டம் எல்லாம் செவிவழிக் கதைகள். 19-ஆம் நூற்றாண்டில் 'விநோதரசமஞ்சரி' போன்ற நூல்கள் வழியாக அவை அச்சில் பரவின. அவர் பெயரில் உள்ள பாடல்கள் பலவும் ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராயர் தொகுத்த 'தனிப்பாடல் திரட்டு' மூலம் நமக்குக் கிடைத்தன. கவிஞருக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் நடுவில் சுமார் 400 ஆண்டு இடைவெளி.

திட்டா, பாராட்டா?

இவர் பாடல்களில் பெரும்பாலும் ராஜா இல்லை. சாதாரண ஆட்கள்தான். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்துக்குப் பசியோடு போனார். சோறு வர நேரமாகிறது. சாயங்காலம்தான் அரிசியே வந்து இறங்கும், உலையில் போடும்போது ஊர் தூங்கிவிடும், ஒரு அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி வந்துவிடும் என்று பாடிவிட்டார்.

சத்திரக்காரர் பதறிப்போனார். பேர் கெட்டுவிடுமே! கவிஞர் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார். ஊரில் பஞ்சம் வந்தாலும் இங்கே அரிசி மூட்டை வரும், ஒரு அகப்பைச் சோற்றில் ஊர்ப் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளி நட்சத்திரமும் தோற்கும். திட்டிய பாட்டே பாராட்டாக மாறியது.

செருப்பு, விளக்குமாறு பாட்டும் இதே வித்தைதான். 'செரு' என்றால் போர். போருக்குள் புகுந்து எதிரிகளை வெல்லும் முருகன் என்று தொடங்குகிறது. விளக்குமாறு என்பது கடைசியில் 'விளக்கிச் சொல்வாயாக' என்று ஆகிவிடும்.

சாமியையும் விட்டதில்லை. திருக்கண்ணபுரம் பெருமாளிடம் போய், சிவனைவிட நீ பெரியவன், உன்னைவிட நான் பெரியவன் என்றார். காரணம்? சிவனுக்குப் பிறப்பே இல்லை, உனக்குப் பத்து அவதாரம், எனக்கோ கணக்கில்லாத பிறவி!

இதே வாய் கீழே இருப்பவர்களையும் குத்தியிருக்கிறது. தாசிகளை இழிவாகப் பேசும் சிலேடைகள் அவர் பெயரில் உண்டு. இன்று படித்தால் சிரிப்பு வராது.

ரோமில் ஒரு கவிஞர்

பெயரே ஒரு பாணிக்குப் பெயராவது உலகத்தில் வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரோமில் வாழ்ந்தவர் ஜுவனல். 16 அங்கதப் பாடல்கள் கிடைத்துள்ளன. இலவச தானியமும் விளையாட்டுப் போட்டியும் கிடைத்தால் போதும் என்று மக்கள் அரசியலை மறந்துவிட்டார்கள் எனச் சாடியவர். இவரிடமும் பெண்களை வசைபாடும் நீண்ட பாடல் ஒன்று உண்டு.

மேலைநாட்டு இலக்கியத்தில் கோபமான அங்கதத்துக்கு ஜுவனல் பெயரையும், மென்மையான கிண்டலுக்கு அவருக்கு முந்தைய ஹொரேஸ் பெயரையும் வைத்தார்கள். நம்மிடம் இரண்டுக்கும் காளமேகம் ஒருவரே. எந்த வகைப் பாட்டில் யார் கெட்டிக்காரர் என்று பட்டியல் போடும் பழைய பாடல், வெண்பாவுக்குப் புகழேந்தியையும் வசைக்குக் காளமேகத்தையும் சொல்கிறது.

ஜுவனலின் வாழ்க்கையும் இப்படித்தான். அவர் நாடு கடத்தப்பட்டார் என்ற கதை அவருக்குப் பின்னால் எழுதப்பட்டது. உறுதியாகக் கையில் இருப்பது பாடல்களும் பெயரும்தான்.

பெயர் மட்டும் நின்றது

பெயர் பெரிதானதில் ஒரு சிக்கலும் உண்டு. யார் எழுதியது என்று தெரியாத குறும்புப் பாட்டெல்லாம் காளமேகம் கணக்கில் சேர்ந்தது. இன்றும் சேர்கிறது. அடுத்த முறை அவர் பெயரில் ஒரு ஃபார்வர்டு வந்தால், தனிப்பாடல் திரட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'காளமேகம்' என்று படமே வந்தது. காளமேகமாக நடித்தவர் நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

காளமேகத்தின் முடிவையும் ஒரு பாட்டுதான் சொல்கிறது. இரட்டைப்புலவர்கள் அவரைப் பார்க்கத் திருவானைக்காவல் வந்தபோது, சிதையில் எரிந்துகொண்டிருந்தார். அத்தனை பாடிய வாய் தீயில் வேகிறதே என்று அவர்கள் அழுது பாடியதாக மரபு.

தண்ணீர் அதிகமாகக் கலந்த மோர் விற்ற பெண்ணை அவர் கிண்டல் செய்த ஒரு பாட்டு உண்டு. மழைத் தண்ணீரைப் பார்த்து அவர் பேசுவதாக வரும். வானத்தில் இருக்கும்போது உனக்கு மேகம் என்று பேர், தரையில் விழுந்தால் நீர், இந்தப் பெண்ணின் பானைக்குள் வந்ததும் மோர், மூன்று பேர் வாங்கிவிட்டாயே என்பார். மடைப்பள்ளியில் வரதன் என்று இருந்தவரின் இரண்டாவது பெயர்தான் இன்றும் நம் வாயில் இருக்கிறது.