புண்ணில் புழு வைக்கும் ஈ எது? கிண்டியில் இருந்த டாக்டர் பேட்டன் தேடிய விடை

ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சின்னக் கீறல்தானே என்று விட்டால், நாலே நாளில் புண்ணுக்குள் புழு நெளியும். எல்லா ஈயும் இப்படிப் புழு வைக்குமா? இல்லை. இந்தியாவில் இதற்குக் காரணமான முக்கிய ஈயை அடையாளம் காட்டியவர்களில் முதன்மையானவர் வால்டர் ஸ்காட் பேட்டன்.

யார் இவர்?

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. சக டாக்டர் எஃப்.டபிள்யூ. கிராக்குடன் சேர்ந்து 1913-ல் மருத்துவப் பூச்சியியல் பாடநூல் எழுதினார். அந்தத் தடித்த புத்தகம் வெளிவந்தது சென்னையில்தான். டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்த கிராக், 1924-ல் அதே காய்ச்சலுக்குப் பலியானார்.

சறுக்கலும் உண்டு

காலா அசார் நோயைப் பரப்புவது மூட்டைப்பூச்சி என்று 1907-லேயே பேட்டன் நம்பினார். அது தப்பு, மணல் ஈதான் காரணம் என்பது 1942-ல் உறுதியானது.

ஈ விஷயத்தில் என்ன செய்தார்?

புழுவை மட்டும் பார்த்து எந்த ஈ என்று சொல்வது கஷ்டம். அதனால் அழுகிய இறைச்சியில் மொய்க்கும் ஈக்கள் மீதே பழி விழுந்தது. பல ஊர்களில் இருந்து வந்த புழுக்களை ஆராய்ந்த பேட்டன், 1920-ல் கிரைசோமியா பெசியானா என்ற ஈயைக் கைகாட்டினார். 1914-ல் வில்நவ் பெயர் வைத்த இனம் இது. செத்த உடலை இது சீண்டாது. உயிருள்ள சதையில்தான் இதன் புழு வளரும். மனிதர்களையும் விடாது.

புழு வைக்கும் ஈக்களை அவர் மூன்றாகப் பிரித்தார். உயிருள்ள சதையில் மட்டுமே வளர்பவை, அழுகலில் வளர்ந்து எப்போதாவது புண்ணுக்கு வருபவை, தற்செயலாக உடலுக்குள் போய்விடுபவை. இந்தப் பிரிவு இன்றும் பாடத்தில் இருக்கிறது. பிற்பாடு அவர் லிவர்பூலில் பூச்சியியல் பேராசிரியர் ஆனார்.

நமக்கு என்ன பயன்?

இந்த ஈக்குத் தேவை ஒரு திறந்த புண். செத்த கோழியைப் புதைத்தால் மட்டும் இது ஒழியாது. காது குத்திய இடம், கொம்பு உடைந்த இடம், கன்றின் தொப்புள்கொடி என எல்லாவற்றையும் தினமும் பார்த்து மருந்து போட வேண்டும். புழு தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க.