வழிமுறைக்கு மார்க் உண்டு



புயல் வந்தால் டிவியில் காட்டும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் உங்களுக்குத் தெரியும். 1792-ல் அந்த வளாகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகம் அமைந்தது. அங்கே 1848 முதல் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

1813-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பம்பாய் இன்ஜினியர் படையில் சேர்ந்து நில அளவைப் பணி செய்தார். சென்னையில் 70 ஓபியூச்சி என்ற இரட்டை நட்சத்திரத்தை ஆராய்ந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரச் சுமார் 88 ஆண்டுகள் ஆகும். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும் பார்த்த இடத்துக்கும் சிறு வித்தியாசம் இருந்தது. பாங்கில் ரொக்கம் டேலி ஆகாவிட்டால் விட்டுப்போன என்ட்ரியைத் தேடுவோமே, அதுபோலத் தேடினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது என்று 1855-ல் எழுதினார். அப்போதும் நிச்சயம் என்று அடித்துச் சொல்லவில்லை. வாய்ப்பு அதிகம் என்றார்.

உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், புது வானாய்வகம் அமைக்க 1862-ல் மறுபடி இந்தியா வந்தார். வந்த சில நாட்களில் பூனாவில் காலமானார். வயது 48.

பிற்கால அளவீடுகளில் அவர் சொன்ன கிரகம் சிக்கவில்லை. ஆனால் 1995-ல் சுவிட்சர்லாந்தின் மிஷெல் மேயரும் டிடியர் குவெலோஸும், 51 பெகாசி நட்சத்திரம் லேசாக அசைவதை அதன் ஒளியில் அளந்து, அதை இழுக்கும் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். 2019 நோபல் பரிசில் பங்கும் பெற்றார்கள். அடிப்படை யோசனை அதேதான்: கிரகம் தெரியாது, அதன் இழுப்பு தெரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: விடை தப்பினாலும் வழிமுறைக்கு மார்க் உண்டு.