வாலில் இரண்டு எழுத்துகள்

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அது கிடந்தது. இரட்டை இறக்கைச் சண்டை விமானம் ஒன்றின் பிளாஸ்ரிக் மாதிரி. மேல் இறக்கை தனியாகக் கழன்றிருந்தது. இரு இறக்கைகளையும் தாங்கும் கால்கள் முறிந்திருந்தன. சில்லு ஒன்றைக் காணோம். விற்றவர் கேட்ட விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை.

வீட்டுக்குள் சண்டை விமானமா என்று நாங்கள் தயங்கியது உண்மை. வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிப் பழகியவர்களுக்கு இதை அலங்காரமாக மேசையில் வைக்க மனம் வராது. ஆனால் மகன் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டான். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த இரைச்சல் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தோம்.

வால் பகுதியின் ஒரு பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளையில் இரண்டு எழுத்துகள். மகன் ஆங்கிலம் என்று நினைத்து 'பி, ரி' என்று வாசித்தான். அது ரஷ்ய எழுத்து. முதலாவதை 'வ' என்று உச்சரிக்கவேண்டும். அந்த இரண்டும் 'உட்சிறை' என்ற பொருள்படும் இரண்டு ரஷ்யச் சொற்களின் முதல் எழுத்துகள். ஒரு விமானத்தின் வாலில் சிறையின் பெயர் ஏன் வந்தது என்று தேடப்போய்த்தான் நிக்கொலாய் பொலிகார்ப்போவின் கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பொலிகார்ப்போவ் 1892இல் ரஷ்யாவின் ஒரியோல் மாகாணத்து ஊர் ஒன்றில் தேவாலயக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் வழியே போகட்டும் என்று குருமடத்தில் படிக்கவிட்டார்கள். அவரோ 1911இல் தலைநகர் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். படிக்கப்போனது கப்பல் கட்டுதல். கூடவே விமானப் பொறியியல் வகுப்பிலும் சேர்ந்தார். 1916இல் படிப்பு முடிந்ததும் ஈகோர் சிக்கோர்ஸ்கியிடம் வேலை கிடைத்தது. நான்கு எஞ்சின் பூட்டிய பெரிய விமானங்களை அந்தக் காலத்திலேயே பறக்கவிட்டவர் சிக்கோர்ஸ்கி.

அடுத்த ஆண்டு புரட்சி வந்தது. 1918இல் சிக்கோர்ஸ்கி நாட்டைவிட்டு வெளியேறினார். பிரான்சுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, கடைசியில் ஹெலிகொப்ரர்களால் உலகப் புகழ் பெற்றார். உதவியாளர் பொலிகார்ப்போவ் அங்கேயே நின்றுவிட்டார். போனவர், நின்றவர் என்று இரு பகுதியாகப் பிரிந்த குடும்பங்கள் எங்களில் எத்தனை. அதனால் இந்த இடத்தை எங்களால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

நின்றவர் முதலில் நன்றாகவே முன்னேறினார். மொஸ்கோவில் விமானத் தொழிற்சாலையில் வேலை. 1923இல் ஒற்றை இறக்கைச் சண்டை விமானம் ஒன்றைப் பறக்கவைத்தார். 1928 ஜனவரியில் 'யு-2' பறந்தது. அது மரத்தாலும் துணியாலும் ஆன, மெதுவாகப் பறக்கும், எவரும் ஓட்டிப் பழகக்கூடிய பயிற்சி விமானம். பிற்காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் சோவியத் பெண்கள் படையணி ஒன்று இரவுகளில் அதிலேயே போய்க் குண்டு வீசியது. ஜேர்மனியர் அவர்களைச் சூனியக்காரிகள் என்றார்கள்.

இப்படியொன்றைக் கொடுத்தவரைத்தான் 1929 ஒக்ரோபரில் கைதுசெய்தார்கள். சதி, நாசவேலை என்று குற்றச்சாட்டு. குருவானவரின் மகன், கட்சியில் சேராதவர். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? விசாரணை எதுவும் இன்றி மரண தண்டனை விதித்தார்கள். வீட்டில் மனைவியும் ஒரு சிறுமகளும் இருந்தார்கள்.

தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அதற்கு இரக்கம் காரணமல்ல. படைக்குப் புதிய சண்டை விமானம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பை முதலில் துப்போலெவின் குழுவிடம் கொடுத்திருந்தார்கள். வேலை நகரவில்லை. அந்த ஆண்டு டிசெம்பரில், மொஸ்கோவின் புத்தீர்க்கா சிறைக்குள் கைதிப் பொறியியலாளர்களைக் கொண்டே ஒரு வடிவமைப்பு அலுவலகத்தைத் திறந்தார்கள். கடல் விமானங்கள் கட்டிப் பெயரெடுத்த கிரிகரோவிச்சும் அங்கே கைதி. அவரும் பொலிகார்ப்போவும் சேர்ந்து வரையத் தொடங்கினார்கள். பின்னர் அவர்களைக் காவலோடு நகரின் விமான நிலையத்துக்கு மாற்றி, அங்கே ஒரு கொட்டகைக்குள் வேலைசெய்ய வைத்தார்கள். (துப்போலெவுக்கும் இதே முறை பின்னர் வந்தது. 1937இல் அவரையும் கைதுசெய்து சிறை அலுவலகத்தில் இருத்தினார்கள்.)

எங்கள் மேசையில் கிடப்பது அந்தக் கொட்டகையில் பிறந்த விமானத்தின் மாதிரிதான். பின்னால் 'இ-5' என்று பெயர் பெற்றது. உண்மையான விமானத்தின் மேல் இறக்கை 10.24 மீற்றர், எங்களிடம் இருப்பது எழுபத்திரண்டில் ஒரு பங்கு, 142 மில்லிமீற்றர். கீழ் இறக்கை மேலதைவிடக் குட்டை. மேலிறக்கையை நேராக நிறுத்துவதுதான் இந்த வகை மாதிரிகளில் பெரும்பாடு. ஒரு கால் அரை மில்லிமீற்றர் கூடினாலும் முழு இறக்கையும் ஒரு பக்கம் சரிந்துவிடும். பழைய பசையைச் சுரண்டியெடுக்க இரண்டு இரவுகள் போயின. முறிந்த கால்களுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கம்பிகளை வெட்டி அரம் போட்டோம். பசை காயும்வரை இறக்கையைத் தாங்க மகனின் லெகோ கட்டைகளை இருபுறமும் ஒரே உயரத்துக்கு அடுக்கினோம். இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கு மெல்லிய தங்கூசி நூல். வலை பின்னுவதைப் பார்த்து வளர்ந்த கைகளுக்கு அந்த வேலை மட்டும் சுலபமாக இருந்தது.

சிறையில் இருந்தவர்கள் ஐந்து மாதத்துக்குள் முழு விமானத்தையே முடித்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 29 அன்று அது பறந்தது. அதன் வாலில் நட்சத்திரமும் அந்த இரண்டு எழுத்துகளும். யார் கட்டியது என்பதை யாரும் ஒளிக்கவில்லை. கைதிகளையும் வேலை வாங்கலாம் என்பது அவர்களுக்குப் பெருமையாகவே இருந்திருக்கிறது.

விமானம் நன்றாகப் பறந்தும் வடிவமைத்தவருக்கு விடுதலை இல்லை. 1931 மார்ச்சில் மரண தண்டனையைப் பத்தாண்டுத் தடுப்பாக மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்தக் கோடையில் ஸ்டாலினும் அமைச்சர்களும் பார்த்திருக்க, சக்காலொவ் என்ற இளம் விமானி உட்பட இருவர் இ-5 விமானத்தை வானத்தில் புரட்டி எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகே மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! இ-5 விமானங்கள் எண்ணூறு வரை கட்டப்பட்டன.

வெளியே வந்தவர் ஓயவில்லை. 1933இல் இ-15 இரட்டை இறக்கை விமானமும் இ-16 ஒற்றை இறக்கை விமானமும் வந்தன. இரண்டையும் முதலில் பறக்கவிட்டவர் அதே சக்காலொவ். இரண்டும் ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் போயின. இரட்டை இறக்கையின் காலம் முடியும் தறுவாயில், சில்லுகளை உள்ளிழுத்துக்கொள்ளும் இ-153 வந்தது. மேல் இறக்கை வளைந்திருந்ததால் கடற்பறவை என்று அதற்குச் செல்லப்பெயர்.

1938 டிசெம்பர் 15 அன்று, பொலிகார்ப்போவின் புதிய இ-180 விமானத்தின் முதல் பறப்பிலேயே சக்காலொவ் விழுந்து இறந்தார். நாடே கொண்டாடிய விமானி அவர். பொலிகார்ப்போவின் துணை வடிவமைப்பாளரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவரைத் தொடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டின் கடைசியில் அவரை ஜேர்மனிக்குப் பயணம் அனுப்பிவிட்டு, அவரது பொறியியலாளர்களில் பலரையும் அவர் தொடங்கியிருந்த ஒரு விமானத்தின் வரைபடங்களையும் மிக்கோயன் என்பவரின் புதிய அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மிக்கோயனின் அண்ணன் ஆட்சியின் உச்சியில் இருந்தவர். அந்த வரைபடத்தில் இருந்து வந்ததே முதலாவது மிக் விமானம். மிக் என்ற பெயரை எங்களில் அறியாதவர் இல்லை. அதன் தொடக்கத்தில் இந்த மனிதர் இருக்கிறார் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

பதக்கமும் ஸ்டாலின் பரிசும் கொடுத்தார்கள், ஆனால் கடைசிக் காலத்தில் அவர் வடிவமைத்த சண்டை விமானங்கள் தொழிற்சாலைக்குப் போகவில்லை. 1944 யூலை 30 அன்று, 52 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் யு-2 விமானத்துக்கு அவர் பெயரால் 'போ-2' என்று பெயர் மாற்றினார்கள். அவர் குற்றமற்றவர் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் சொன்னது 1956இல்.

மாதிரிக்குப் புது வர்ணம் அடிக்கும் நாள் வந்தபோது வீட்டில் ஒரு வாக்குவாதம். படையணியில் இருந்த சாதாரண இ-5 போல அடித்தால் வேலை சுலபம். அந்த எழுத்துகள் அவற்றில் இல்லை. சிறையின் பெயரை எதற்கு வீட்டில் வைப்பது என்று எங்களில் ஒருவர் கேட்டார். அழித்துவிட்டால் இந்த விமானத்தை யார் கட்டினார்கள் என்று எப்படித் தெரியும் என்று மகன் கேட்டான்.

ஒரு பக்கத்தில் இருந்ததைப் பார்த்து, அழிந்துபோயிருந்த மற்றப் பக்கத்திலும் மெல்லிய தூரிகையால் எழுதினோம். நட்சத்திரம் அரிசி மணியளவு, எழுத்து அதற்குள். மூன்று தடவை பிசகித் துடைத்து நான்காவது தடவை சரிவந்தது. காணாமற்போன சில்லுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கறுப்படித்து ஒட்டியிருக்கிறோம். கிட்டப் பார்த்தால் நான்கு துளைகளும் தெரியும்.