‘ஆல்’ போட்டு யோசித்த கோன்ராட் சூசே

மழை பெய்தால் குடை எடுப்பீங்க. பசித்தால் சாப்பிடுவீங்க. ஜெர்மன் மொழியில் இதுக்கு ‘வென்’ என்று தனிச் சொல் இருக்கு. தமிழில் அது ‘ஆல்’ என்று சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். கணினி விளையாட்டுக்கும் இந்த ‘ஆல்’ வேண்டும். பந்து சுவரில் பட்டால் திரும்பணும். நேரம் முடிந்தால் ஆட்டம் நிற்கணும்.

இதை ரொம்ப முன்னாடியே யோசித்தவர் கோன்ராட் சூசே. அவர் 1910-இல் பெர்லினில் பிறந்தார். பொறியியல் படித்தார். ஒரே மாதிரி நீண்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடுவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்ய நினைத்தார். விமானத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அப்பா அம்மா வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். நண்பர்களும் உதவி செய்தார்கள்.

1941-இல் அவருடைய இசட்3 இயந்திரம் ஓடியது. கொடுத்த கட்டளைகளை வரிசையாகத் தானே செய்தது. ஆனால் அதுக்கு ‘ஆல்’ தெரியாது! இப்படி இருந்தால் இதைச் செய் என்று அதனிடம் சொல்ல முடியாது. 1943-இல் பெர்லினில் குண்டு விழுந்து இசட்3 அழிந்தது.

1945-இல் போர் முடியும் நேரம். சூசே தன் அடுத்த இயந்திரமான இசட்4-ஐக் காப்பாற்றி, பவேரியாவில் உள்ள ஹின்டர்ஸ்டைன் என்ற மலைக் கிராமத்துக்குக் கொண்டு போனார். அங்கே இயந்திரம் சும்மா கிடந்தது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ‘பிளான்கல்க்யூல்’ என்ற நிரல் மொழியைக் காகிதத்தில் எழுதி முடித்தார். அதில் ‘ஆல்’ இருந்தது. அந்த மொழியில் சதுரங்க விதிகளையும் எழுதிப் பார்த்தார். ஒரு கட்டத்தை எதிரியின் காய் தாக்கினால், ராஜா அங்கே போகக் கூடாது, இல்லையா? இப்படிப்பட்ட விதிகள்தான். ஆனால் அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு கணினி இல்லை.

1950-இல் இசட்4 சூரிச் நகரத்துக்குப் போனது. அதுக்கு முன்பு சூசே அதில் ‘ஆல்’ கட்டளையைச் சேர்த்தார். அவருடைய மொழியோ 1972-இல்தான் முழுதாக அச்சில் வந்தது. 1995-இல் அவர் இறந்தார். 2000-இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் அந்த மொழியின் ஒரு பகுதியைக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். காகிதத்தில் சரியாக யோசித்தது வீண் போகவில்லை, பாருங்க.

இப்போ உங்க முறை. 1 முதல் 10 வரை ஒரு எண்ணை மனசுக்குள் வைங்க. நண்பர் கண்டுபிடிக்கட்டும். அவர் சொன்ன எண் பெரியதாக இருந்தால், ‘குறை’ என்று சொல்லுங்க. சிறியதாக இருந்தால், ‘கூட்டு’ என்று சொல்லுங்க. சரியாக இருந்தால், ஆட்டம் முடிந்தது. இந்த மூன்று ‘ஆல்’ வாக்கியங்களையும் நோட்டில் எழுதுங்க. உங்க முதல் நிரல் தயார்!