கண்ணாடி வீடு கட்டிய தோட்டக்காரர்



போன வருஷம் இன்டஸ்ட்ரியல் டூரில் பெங்களூர் லால்பாகில் நமக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள் அல்லவா? பாதிப் பேர் ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நின்றீர்கள். மீதிப் பேர் கண்ணாடி மாளிகைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். நான் மட்டும் உள்ளே போய் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிண்டல் செய்தீர்கள். காரணத்தை அன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஊட்டிப் பக்கம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் நாற்றெல்லாம் கருகிவிடும். அம்மா முட்டைக்கோஸ் நாற்று விட்டு விற்பவர். சிவில் படிக்கிற மகன் வீட்டில் இருக்கும்போது நாற்று கருகலாமா? கொல்லைப்புறத்தில் பத்தடிக்கு ஆறடியில் கற்பூர மரக் கம்பு நட்டு, மேலே பாலிதீன் ஷீட் இழுத்துக் கட்டி ஒரு பசுமைக்குடில் போட்டேன். பனி உள்ளே வரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஷீட்டின் அடிப்பக்கம் தண்ணீர் கோத்து, சொட்டுச் சொட்டாக நாற்றின் தலையில் விழுந்தது. பத்தே நாளில் நாற்றழுகல். பனியில் போனது போக மிஞ்சுவதும் போயிற்று! அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நினைப்போடு லால்பாகில் நின்றபோது, 1889-ல் கட்டிய இந்த மாளிகைக்கு முன்மாதிரி லண்டன் கிரிஸ்டல் பேலஸ் என்று சார் சொன்னார். அதைக் கட்டிய இன்ஜினியர் யார் சார் என்று கேட்டேன். இன்ஜினியர் இல்லப்பா, ஒரு தோட்டக்காரர் என்றார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக லைப்ரரியில் அவரைத் தேடிப் பிடித்தேன்.

அவர் பெயர் ஜோசப் பாக்ஸ்டன். 1803-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் மில்டன் பிரையன் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. சின்ன வயதிலேயே தோட்ட வேலைக்குப் போய்விட்டார். 1823-ல் லண்டனுக்குப் பக்கத்தில் சிஸ்விக்கில் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விண்ணப்பத்தில் வயதை இரண்டு வருஷம் கூட்டிப் போட்டுத்தான் சேர்ந்தாராம். (நம்மில் யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.)

அந்தத் தோட்டத்து நிலம் டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். அடிக்கடி அங்கே உலாவ வரும் பிரபு, இந்தப் பையன் செடிகளைப் பற்றிப் பேசுகிற விதத்தைப் பார்த்து, சாட்ஸ்வொர்த் என்ற தம் அரண்மனைத் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரராக்கிவிட்டார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22. 1826 மே மாதம் விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார். கதவு திறக்கவில்லை. சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்! தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு வந்த ஆட்களுக்கு வேலை கொடுத்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அங்கே வீட்டு நிர்வாகம் பார்த்த அம்மையாரின் உறவுக்காரப் பெண் சாராவைக் கண்டார். அடுத்த வருஷமே கல்யாணம். பின்னாளில் பாக்ஸ்டன் ஊர் ஊராக அலைந்தபோது சாட்ஸ்வொர்த் கணக்கு வழக்கையெல்லாம் கவனித்தது சாராதான். இந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அன்றைக்குக் கண்ணாடிக் குடில் என்பது பணக்காரன் சமாசாரம். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். அந்த வரி 1845-ல்தான் ஒழிந்தது. கட்டுகிற முறையும் மோசம். கனமான மரச்சட்டங்களே பாதி வெயிலைத் தின்றுவிடும். பாக்ஸ்டன் சட்டங்களை மெலிதாக்கினார். கூரையைச் சமமாகப் போடாமல், மடித்த விசிறி மாதிரி மேடும் பள்ளமுமாக மடித்தார். காலை, மாலைச் சாய்ந்த வெயில் கண்ணாடியில் நேராக விழும், உச்சி வெயில் சாய்வாக விழுந்து உக்கிரம் குறையும். யோசனை லௌடன் என்ற இன்னொரு தோட்டக்கலை அறிஞருடையது. அதை வேலைக்கு ஆகும்படி செய்துகாட்டியது பாக்ஸ்டன்.

1836 முதல் 1840 வரை 277 அடி நீளம், 123 அடி அகலத்தில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மாபெரும் கண்ணாடிக் கூடம் எழுப்பினார். மைல் கணக்கில் நீளும் மரச்சட்டத்தைக் கையால் இழைத்து மாளுமா? நீராவி இன்ஜினில் ஓடும் ஒரு மெஷினை அவரே வடிவமைத்து இழைத்துத் தள்ளினார். விக்டோரியா ராணி 1843-ல் வந்தபோது அந்தக் கூடத்துக்குள் குதிரை வண்டியிலேயே போனாராம்.

இதற்கு நடுவில் மொரீஷியஸ் பக்கமிருந்து வந்த ஒரு வாழையைக் குடிலில் வளர்த்துக் குலை தள்ள வைத்தார். பிரபுவின் குடும்பப் பெயரால் அதற்குக் கேவண்டிஷ் என்று பெயர் வந்தது. நம் பெட்டிக்கடைகளில் தொங்கும் மோரிஸ் பழம் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அடுத்த தடவை உரிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1849-ல் கியூ தோட்டத்தில் பூக்காமல் அடம்பிடித்த அமேசான் ராட்சத அல்லியின் நாற்று ஒன்றை வாங்கி வந்து, சில மாதங்களில் பூக்க வைத்தார். இலை அத்தனை பெரிசு! தம் சின்ன மகளை அதன் மேல் நிற்க வைத்துப் பார்த்தார், இலை தாங்கியது. இலையைப் புரட்டினால் நடுவிலிருந்து விரியும் தடித்த நரம்புகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் மெல்லிய நரம்புகள். நாம் ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் முட்டிமோதுகிற விஷயத்தை அவர் ஒரு இலையில் படித்துவிட்டார்.

இப்போது 1850-க்கு வருவோம். அடுத்த வருஷம் லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி. கட்டடத்துக்கு வந்த 245 டிசைன்களையும் கமிட்டி ஒதுக்கிவிட்டு, தானே செங்கல்லால் ஒரு பூதாகரமான டிசைன் போட்டது. பூங்காவே பாழாகும் என்று ஊரே எதிர்த்தது. நாளோ நெருங்கிவிட்டது. ஜூன் 11-ந் தேதி டெர்பியில் ரயில்வே கம்பெனிக் கூட்டம். பாக்ஸ்டன் அதில் ஒரு டைரக்டர். ஒரு பாயிண்ட்ஸ்மேன் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, முன்னால் இருந்த மை ஒற்றும் தாளில் என்னமோ கிறுக்கிக்கொண்டிருந்தார். அதுதான் கிரிஸ்டல் பேலஸ்! ஒன்பதே நாளில் முழு பிளான் தயார்.

அதன் சூட்சுமத்தைக் கேளுங்கள். கிடைத்த கண்ணாடியின் நீளம் 49 அங்குலம். இரண்டைக் கூரைபோல் எதிரெதிரே சாய்த்தால் சுமார் 8 அடி. அப்படி மூன்று சேர்ந்தால் 24 அடி. 24 அடிக்கு ஒரு தூண். அவ்வளவுதான்! அந்த ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி 1,848 அடி நீளத்துக்குக் கொண்டுபோனார்கள். தூண்கள் வெளியே பார்க்க ஒரே பருமன், பாரத்துக்குத் தகுந்தபடி உட்புறக் கனம் மட்டும் மாறும். ஆகவே எந்த உத்தரமும் எந்த இடத்திலும் பொருந்தும். தூண் உள்ளே பொள்ளல், கூரையின் மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும்.

எனக்கு வேண்டியது இதற்கு அடுத்த வரியில் இருந்தது. கூரைப் பள்ளத்தில் ஓடும் மரத்தாலான வடிகாலுக்கு மேலே ஒரு பள்ளம் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் கீழே சின்னதாக இரண்டு காடி. மேலே மழைநீருக்கு. கீழே, கண்ணாடியின் உட்புறம் கோத்து வழிகிற நீர்த்துளிகளுக்கு! என் முட்டைக்கோஸ் நாற்றைக் கொன்ற அதே துளி. 1850-ல் ஒரு மனுஷன் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். வெறும் கட்டடம் மட்டும் கட்டியவருக்கு இது தோன்றியிருக்காது, செடி அழுகிப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

படித்த பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. காற்றில் சரியும், கூட்டம் நடந்தால் ஆடி விழும் என்றார்கள். விழுந்திருந்தால் பாக்ஸ்டன் பெயர் மட்டுமல்ல, பல உயிர்களும் போயிருக்கும். மாடித் தளத்தில் ஆட்களை நடக்கவிட்டு, குதிக்கவிட்டு, கடைசியில் சிப்பாய்களை அணிவகுத்து மிதிக்கவிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. ஃபாக்ஸ் ஹெண்டர்சன் கம்பெனியின் டெண்டர், பிரித்த சாமான் தங்களுக்கே என்ற கண்டிஷனுடன் 79,800 பவுன். முதல் தூண் 1850 செப்டம்பரில் நின்றது. 1851 மே 1-ந் தேதி திறப்பு விழா. அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். தோட்டக்காரர் சர் ஜோசப் ஆனார். பிறகு கவென்ட்ரி தொகுதி எம்.பி. ஆனார். அந்தக் காலமெல்லாம் வேகமாகத் தாண்டலாம்.

எனக்குப் பிடித்தது 1858. அந்த வருஷம் பிரபு காலமானார். பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் வேலையை விட்டார். அதே வருஷம் ஒரு பேட்டன்ட் வாங்கினார். எதற்குத் தெரியுமா? சாதாரண ஜனங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்ள மலிவான கண்ணாடிக் குடில். தொழிற்சாலையில் செய்த கண்ணாடிச் சட்டங்கள் தயாராக வரும். சுவரில் சாய்க்கலாம், அல்லது இரண்டு வரிசையை ஒன்றுக்கொன்று சாய்த்து நிறுத்தலாம். கொத்தனார் வேண்டாம். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

1865 ஜூன் 8-ந் தேதி லண்டன் சிடன்ஹாமில் பாக்ஸ்டன் காலமானார். அங்கே மாற்றிக் கட்டியிருந்த கிரிஸ்டல் பேலஸ் 1936-ல் ஒரே ராத்திரியில் எரிந்து போயிற்று. சாட்ஸ்வொர்த் கூடத்தை முதல் உலகப் போரில் சூடாக்க நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்தன. 1920-ல் அதை இடித்துவிட்டார்கள். அடிச்சுவர் மட்டும் இருக்கிறது.

தீபாவளி லீவில் என் குடிலைப் பிரித்து மறுபடி போட்டேன். பழைய தப்பு, கூரையைத் தட்டையாகப் போட்டதுதான். இந்தத் தடவை நல்ல சரிவு கொடுத்தேன். சொட்டாமல் ஷீட்டோடு ஒட்டி வழிகிற தண்ணீரைப் பிடிக்க, ஒரு பழைய பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து உட்பக்கம் ஓரத்தில் கட்டினேன். மத்தியானத்தில் காற்றாட ஒரு பக்கத்து ஷீட்டைச் சுருட்டி வைக்க வசதி செய்தேன். செலவு அந்தக் கட்டுக்கம்பிக்கு மட்டும்தான். காலையில் போய்ப் பார்த்தால் பைப்பின் கீழே வைத்த வாளியில் கால் வாளித் தண்ணீர். அம்மா அதையே எடுத்து நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்